பெயிண்ட் கடைசியில்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் வீடு பழுதுபார்க்கும் வேலை செய்தவன் நான். அதில் பாதி நாள் கூரையில்தான் போனது. அதனால்தான் மழைக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நமக்குக் குளிர்காலம் கிடையாது, ஐப்பசி உண்டு. கிழக்குக் கரைக்குப் பெரிய மழை நவம்பர், டிசம்பரில் வரும். பினாங்குக்கு அதற்கு முந்தியே, செப்டம்பர், அக்டோபரில் வந்துவிடும். மாதத்துக்குச் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல். தீபாவளியும் அதை ஒட்டித்தான் வருகிறது. தீபாவளி என்றால் நம் வீடுகளில் பெயிண்ட். என் சண்டையே அந்தப் பெயிண்டோடுதான்.

2017இல் தீபாவளி அக்டோபர் 18. என் வீட்டு ஹாலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தேன். நவம்பர் 4 ராத்திரி பினாங்கில் அடித்த காற்றையும் மழையையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு உயிர்கள் போயின. என் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஹால் சுவர்ப் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது. "ஊர்க் கூரையெல்லாம் பார்த்தீங்க, நம்ம கூரையைப் பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை.

சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்காது. இதை மட்டும் நினைவில் வையுங்கள். பாகான் டாலாமில் ஓர் அம்மா வீட்டில் சாமி அறைக்கு மேலே ஒழுகியது. மூன்று முறை ஆள் வந்து அந்த இடத்துக் கூரை ஓடுகளை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் மழை நேரத்தில் டார்ச்சோடு சீலிங்குக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் முகட்டுச் சிமெண்ட் வெடிப்பில் இறங்கி, கட்டையை ஒட்டியே பத்தடி வழிந்து வந்து அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ரப்பர் குழாயால் கூரையில் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். கீழிருந்து மேலாகப் போகவேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி உங்களைக் குழப்பிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் நீங்களாக ஏறாதீர்கள். கால் வைத்ததும் உடையும், தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் கூரை ஓரத்துப் பீலி, அதாவது கூரைத் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு விடும் வாய்க்கால். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு தெரஸ் வீட்டுக் கூரை 75 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் விழும் தண்ணீர் 3,750 லிட்டர். 200 லிட்டர் டிரம்மாக வைத்தால் பதினெட்டு நிறைந்து மிச்சமும் இருக்கும். இவ்வளவும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று குழாய் வழியாகத்தான் இறங்கவேண்டும். குழாய் வாயில் ஒரு மாவிலைக் கொத்து அடைத்தால் போதும், தண்ணீர் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். அடைத்த பீலியில் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பறக்கத் தொடங்கும். வீட்டுக்குள் பூந்தொட்டித் தட்டைத் துடைப்பவர்கள்கூடத் தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

மழை ராத்திரியில் கரண்ட் 'டிரிப்' ஆகிறதா? பாதி நேரம் கேட் விளக்குக்குள் தண்ணீர் போயிருக்கும். மெயின் பெட்டியில், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்சில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அந்தச் சுவிட்ச் கீழே விழவேண்டும். விழவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஜார்ஜ் டவுனில் ஜாலான் பி. ரம்லி சாலை மாதிரித் தாழ்ந்த இடத்தில் இருப்பவர்கள் மழையோடு கடல் ஏற்ற நேரத்தையும் பார்க்கவேண்டும். கடல் ஏறியிருக்கும்போது லொங்காங் (சாக்கடை வாய்க்கால்) தண்ணீர் போக இடம் இருக்காது.

சரி, பெயிண்டுக்கு வருவோம். கூரையும் பீலியும் சரியான பிறகும் சுவர் உடனே காயாது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதீர்கள். ஓரடிக்கு ஓரடி கண்ணாடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் எவ்வளவு விலையுள்ள பெயிண்ட் அடித்தாலும் உரியும்.

எங்கள் வீட்டில் இந்த வருடப் பெயிண்டுக்கு நிறம்கூடத் தேர்ந்தாகிவிட்டது. மனைவி அவசரப்படுத்துகிறாள். நான் இன்னும் டப்பா வாங்கவில்லை, தாள் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.