உறையைப் பிரித்துப் படியுங்கள்

(நீலகிரி மாவட்டம் கூடலூரில் சிறு தேயிலை விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். இந்த மழையிலும் தேவாலாவிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் என்னிடம் அழுதுகொண்டே வந்தார். அவருக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. முத்திரையைப் பார்த்ததும் கை நடுங்கி, அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டார். குறித்த நாளில் போகவில்லை. அடுத்து பிடியாணை வந்தது, வாசலில் போலீஸ் நின்றது. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் நடந்த அடிதடியைக் கண்ட சாட்சியாகத்தான் அவரை அழைத்திருந்தார்கள். தவறே செய்யாத ஒருவர் இரண்டு மாதம் தூங்கவில்லை. 'சாட்சி' என்ற ஒரு சொல்லை யாராவது படித்துச் சொல்லியிருந்தால் போதும். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சம்மன் என்பது அழைப்பாணை. இன்ன நாளில் வா என்று நீதிமன்றம் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். கூப்பிட்டும் வராதவரைப் பிடித்துவரச் சொல்வது பிடியாணை. வக்கீல் நோட்டீஸ் இரண்டிலும் சேராது. அது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுதும் கடிதம். அதற்காக அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பதில் எழுதுங்கள்.

அடுத்தது, எல்லோரும் குழம்புகிற இடம். பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் வேலியைத் தள்ளிப் போட்டு நாலு வரிசைச் செடியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். கேட்கப்போன உங்களைக் கவாத்துக் கத்தியால் வெட்டினார். நடந்தது ஒரே காலையில், ஆனால் இங்கே வழக்கு இரண்டு. எல்லை யாருடையது என்பது உரிமையியல் வழக்கு. வழக்குப் போடும் நீங்கள் வாதி, அவர் பிரதிவாதி. வெட்டியது குற்றவியல் வழக்கு. அதை நடத்துவது அரசு. புகார் கொடுத்த நீங்கள் அதில் ஒரு சாட்சி. அதனால்தான் பெரிய குற்றங்களில் "நாங்கள் சமாதானமாகிவிட்டோம், வாபஸ் வாங்குகிறேன்" என்று நீங்கள் சொன்னாலும் வழக்கு அதோடு முடிவதில்லை. எல்லையை முடிவுசெய்யும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. வேலித் தகராறுக்குக் காவல் நிலையத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

உரிமையியல் வழக்கில் சம்மன் வந்தால் முப்பது நாளில் எதிருரை, அதாவது எழுத்து மூலமான பதில், கொடுக்க வேண்டும். நீதிமன்றம் நினைத்தால் மொத்தம் தொண்ணூறு நாள் வரை தள்ளித் தரலாம். போகாமலே இருந்தால் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். நிலத்தை இழந்த பலர் வாதாடித் தோற்றவர்கள் இல்லை. உறையைப் பிரிக்காமல் விட்டவர்கள்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றிப் புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அதன் நகலைப் பணமில்லாமல் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் ஒருவர் பெயர் வந்ததுமே அவரைக் 'குற்றவாளி' என்று ஊர் பேசத் தொடங்கிவிடுகிறது. அவர் குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே குற்றவாளி. இந்த இரண்டு சொல்லையும் மாற்றிப் பேசுவது ஒரு குடும்பத்துக்குச் செய்யும் கொடுமை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, இந்த வேறுபாடு மாறவில்லை.

சொல்லுக்கு இத்தனை கனமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரையே காட்டுகிறேன். கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். காடு என்றால் எது என்ற கேள்வி எழுந்தது. அரசு ஏட்டில் காடு என்று எழுதியது மட்டும்தானா? 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் சொன்னது: அகராதிப் பொருளில் காடாக இருப்பதும் காடுதான், அது யாருடைய நிலமாக இருந்தாலும் சரி. அந்த ஒரு சொல்லின் பொருள் இந்தியா முழுவதும் மரம் வெட்டும் கோடரிகளை நிறுத்தியது. அதே சொல்லால் நம் வீட்டுக் கூரைகள் பலவற்றுக்குச் சிக்கலும் வந்தது. இரண்டையும் நான் மறைக்க மாட்டேன்.

நீங்கள் தினமும் 'செக்ஷன் 17 நிலம்' என்கிறீர்கள். அது 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஜன்மிகள் எனப்பட்ட பரம்பரை நில உடைமையாளர்களிடம் குத்தகைக்கு வாங்கித் தோட்டம் போட்ட நிலங்களைப் பற்றியது. அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு 1974இல் நாடாளுமன்றம் அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தை நீதிமன்றம் தொட முடியாது என்பது அந்த அட்டவணையை உருவாக்கியபோது இருந்த எண்ணம். 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அதில் சேர்த்த சட்டங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தால் அவற்றையும் சோதிக்கலாம் என்றார்கள். இதை ஐ.ஆர்.கொயலோ வழக்கு என்று நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அதன் வேர் நம் மண்ணில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்கலாமா?

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கவலைப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைத் தருவார்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீடுகளுக்கு இதை நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

இப்போது, கையில் காகிதம் கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்போம்.