மேயரின் காரை 41 முறை பார்த்த கேமராக்கள்! போலீஸின் தேடலைப் பார்ப்பது யார்?

[திரையில்: மினியாபொலிஸ் வரைபடம். சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

இந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே காரைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் மினியாபொலிஸ் மேயராக இருந்த ஆர்.டி. ரைபாக்கின் கார். ஒரே வருடத்தில் 41 முறை போலீஸ் கேமராக்களில் சிக்கியிருக்கிறது. யாரும் ஹேக் செய்யவில்லை. ஒரு பத்திரிகை முறைப்படி கேட்டது, போலீஸ் எடுத்துக் கொடுத்துவிட்டது!

வணக்கம் நண்பர்களே. நம்பர் பிளேட் வாசிக்கும் கேமரா 1976-ல் பிரிட்டனில் பிறந்தது. பிளேட்டைப் படம் எடுக்கும், மென்பொருள் எண்ணைப் படிக்கும், நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பதியும். திருட்டு வண்டிப் பட்டியலில் அந்த எண் இருந்தால் போலீஸுக்குத் தகவல் போகும். பட்டியலில் இல்லாத வண்டி? அதுவும் பதிவாகும்! லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் இப்படி 32 கோடி படங்கள் இருந்ததை 2020-ல் கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கை அறிக்கை சொன்னது. அதில் 99.9 சதவீதம், படம் எடுத்த நேரத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத வண்டிகள்.

சரி, மேயர் கதைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2012. மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் சட்டப்படி, ரகசியம் என்று தனியாக அறிவிக்காத எந்த அரசுத் தகவலும் பொதுத் தகவல். கேமரா பதிவுகளை யாருமே ரகசியமாக அறிவித்திருக்கவில்லை. அதாவது ஒரு நம்பரைக் கொடுத்து, ‘இந்த வண்டி எங்கெல்லாம் போனது?’ என்று யார் வேண்டுமானாலும் போலீஸிடம் கேட்கலாம். ஸ்டார் டிரிபியூன் பத்திரிகை மேயரின் கார் நம்பரைக் கொடுத்துக் கேட்டது. வந்த பதிலை வரைபடமாகவே அச்சிட்டது.

யோசித்துப் பாருங்கள். மேயரின் காரைப் பற்றிக் கேட்டதுபோல் நாளைக்கு உங்கள் காரைப் பற்றியும் கேட்கலாம். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வேறு வீட்டில் இருக்கும் பெண்ணின் கார் நம்பரை, அந்தக் கணவனே கேட்கலாம். எல்லாவற்றையும் திறந்து வைப்பது வெளிப்படைத்தன்மை ஆகாது. அதற்காக எல்லாவற்றையும் பூட்டினால்? போலீஸ் என்ன செய்கிறது என்பதும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

இங்கேதான் மினசோட்டா எனக்குப் பிடித்த வேலையைச் செய்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2015-ல் ஒரு சட்டம். உங்கள் வண்டி எங்கே போனது என்பதை இனி யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்க முடியாது. விசாரணைக்குத் தேவைப்படாத பதிவை 60 நாளுக்குள் அழித்துவிட வேண்டும். ஆனால் நிலையாக வைத்த கேமராக்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை வண்டிகளைப் படித்தன என்பதெல்லாம் பொதுப் பதிவு. அப்புறம், போலீஸ்காரர் ஒவ்வொரு முறை தேடும்போதும் அது பதிவாக வேண்டும். வேறு சட்டம் தடுக்காத வரை அந்தப் பதிவும் பொதுத் தகவல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் தணிக்கை வேறு. வங்கி லாக்கர் அறை மாதிரிதான்: உள்ளே இருக்கிற நகை உங்கள் ரகசியம், யார் எப்போது உள்ளே போனார் என்பதற்குக் கையெழுத்து உண்டு.

நியூ ஹாம்ப்ஷயர் இன்னும் கறார். தேடப்படும் வண்டி இல்லையென்றால் 3 நிமிடத்தில் அழித்தாக வேண்டும்.

[திரையில்: தேடல் பதிவேட்டின் மாதிரி. ‘காரணம்’ என்ற கட்டம் பெரிதாகிறது.]

இந்தக் கட்டத்தைப் பாருங்கள். கான்சஸ் மாநிலத்தில் செட்ஜ்விக் என்ற சிற்றூரின் போலீஸ் தலைவர், தன் முன்னாள் காதலியின் வண்டியையும் அந்தப் பெண்ணின் புதிய துணையின் வண்டியையும் சில மாதங்களில் 228 முறை தேடியிருக்கிறார். இந்தக் கட்டத்தில் பொய்க் காரணங்களைப் போட்டார். எத்தனை முறை என்று இன்று நமக்குத் தெரிகிறதே, எப்படி? தேடல் பதிவாகியிருந்தது, அதை ஒருவர் எடுத்துப் படித்தார். அவ்வளவுதான்.

இந்தக் கேமராவால் திருட்டு வண்டிகள் கிடைக்கின்றன, காணாமல் போனவர்கள் கிடைக்கிறார்கள். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் பல ஊர்களில் போலீஸ் ‘வெளிப்படைத்தன்மைப் பக்கம்’ என்று ஒன்றைப் போட்டு, இந்த மாதம் இத்தனை தேடல் என்று ஒரு மொத்தக் கணக்கைக் காட்டுகிறார்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் 228 தேடல் ஒளிந்துகொண்டால் யாருக்குத் தெரியும்? எனக்கு இது போதாது.

அமெரிக்காவில் இருக்கும் நம் நேயர்களே, உங்கள் ஊர் போலீஸிடம் பொதுத் தகவல் கோரிக்கை போடுங்கள். வண்டி நம்பர்களை மறைத்தே கொடுக்கட்டும். யார் தேடினார், எப்போது, என்ன காரணம், எந்த வழக்கு எண் என்ற நான்கு விவரத்தை மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தது, எதைக் கொடுக்க மறுத்தார்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்தப் பதில்களை வைத்தே பேசுவோம்.