நனைந்த ஜீன்ஸும் ஒரு நதியின் பெயரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஏறத்தாழ இரண்டரை நிமிடமே ஓடும் ஒரு பாடலின் காணொளி. 1993ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கக் கன்ட்ரி இசை ரசிகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்ற, பாடகர் ஆலன் ஜாக்சனின் ‘சாட்டஹூச்சி’ அது. அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் வேர்விட்ட இந்தக் கன்ட்ரி இசையை நாட்டுப்புற இசை என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் விற்பனைக்கென்றே உருவாகும் இசைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆகவே கன்ட்ரி என்றே சொல்கிறேன்.

சாட்டஹூச்சி என்பது ஒரு நதி. ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கே மலைகளில் பிறந்து, அட்லாண்டாவை ஒட்டி ஓடி, பிறகு நெடுந்தொலைவுக்கு ஜார்ஜியாவுக்கும் அலபாமாவுக்கும் எல்லையாக அமைகிறது. ஜாக்சன் 1958இல் பிறந்த நியூனன் ஊர் இருக்கும் மாவட்டத்தின் வடமேற்கு எல்லையும் இந்த நதிதான். அவரோடு சேர்ந்து பாடலை எழுதிய ஜிம் மெக்பிரைடோ அலபாமாக்காரர். வேகமான பாட்டு ஒன்று எழுத வேண்டும் என்று இருவரும் முயன்றுகொண்டிருந்தபோது, நதியின் பெயர் வரும் முதல் வரியை மெக்பிரைட்தான் கொண்டுவந்தார் என்றும், சிற்றூரில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற பாட்டு அது என்றும், இத்தனை பெரிதாகும் என்று தாங்கள் நினைக்கவே இல்லை என்றும் ஜாக்சன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மார்ட்டின் கேஹன் இயக்கிய காணொளியில் சொல்லிக்கொள்ளும்படி கதை எதுவும் இல்லை. நம் கண் போய் நிற்பதெல்லாம் ஒரே காட்சியில்தான். விசைப்படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் கௌபாய் தொப்பியும், மார்பில் லைஃப் ஜாக்கெட்டும், இடுப்பில் முழங்கால் கிழிந்த ஜீன்ஸுமாக, நெடிய உருவமுள்ள ஒரு மனிதர் நீர்ச்சறுக்குப் பலகையின் மேல் வருகிறார். நனைந்த ஜீன்ஸின் பாரம் எப்படிப்பட்டது என்பது மழையில் மாட்டிக்கொண்ட எவருக்கும் தெரியும். அந்தப் பாரத்தோடு அவர் முழங்காலைச் சற்றே மடக்கிச் சாய்கிறார். கிழிசலின் வழியே முட்டி தெரிகிறது. பலகையின் ஓரத்திலிருந்து நீர் விசிறியாக எழுகிறது. தொப்பி மட்டும் எப்படித் தலையிலேயே நிற்கிறது என்பதை இத்தனை முறை பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கன்ட்ரிப் பாடகர் என்றால் குதிரை, வேலி, பழைய லாரி என்று எழுதிவைத்தாற்போல் படமெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கே தொப்பி அப்படியே இருக்கிறது. ஆனால் அது தண்ணீரின் மேல் போகிறது. சிரிப்பு வர வேண்டிய காட்சி, ஆனால் வருவதில்லை. ஜாக்சன் நடிக்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஃபோர்டு ஆலையில் மெக்கானிக்காக இருந்த அவருடைய தந்தை, பழைய ஒட்டுப்பலகைப் படகு ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிச் சீர்செய்து, சிறுவனான மகனை ஓட்டவிட்டார்; தந்தை 2000இல் இறந்த பிறகு, அந்த நினைவையே 2002இல் ஜாக்சன் ‘டிரைவ்’ என்ற பாடலாக்கினார். ஆகவே படகும் நீரும், காமிரா இல்லாத நாட்களிலேயே அவருக்குப் பழகியவை. பொய்யாகச் செய்வது அவருக்கு ஒத்துவராது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1994இல் ஒரு விருது மேடையில், முன்பே ஒலிப்பதிவு செய்த இசைக்கு வாயசைக்க வேண்டிய நிலை வந்தபோது, தம் டிரம்ஸ் கலைஞரைக் குச்சிகளே இல்லாமல் வாசிக்கவைத்து, அந்தப் பாசாங்கை உலகமே பார்க்கும்படி செய்துவிட்டார்.

விருதுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: கன்ட்ரி இசைச் சங்கம் 1993இல் சிறந்த காணொளி, சிறந்த தனிப்பாடல் என இரண்டும், அடுத்த ஆண்டு பாடலாக்கத்துக்கான விருதும் கொடுத்தது. எனக்கு இவற்றைவிடச் சுவையான செய்தி, நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் அவர் ஒரு கன்ட்ரி இசைத் தொலைக்காட்சியின் தபால் பிரிவில் வேலை பார்த்தார் என்பது. பிறருக்கு வந்த கடிதங்களைப் பிரித்தடுக்கிய அதே மனிதரின் முகம் சில ஆண்டுகளில் திரைக்கு வந்துவிட்டது.

2021 செப்டம்பரில், தமக்குச் சார்கோ–மேரி–டூத் என்ற நரம்பு நோய் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். கால் தசைகளை மெல்லத் தளர்த்தி, உடலின் சமநிலையைக் குலைக்கும் பரம்பரை நோய் அது. அதன் ஆங்கிலச் சுருக்கமும், கன்ட்ரி காணொளிகளுக்கென்றே இருந்த வேறொரு தொலைக்காட்சியின் சுருக்கமும் ஒன்றே: சி.எம்.டி. மேடையில் நிற்கும்போதே தடுமாறுகிறேன் என்று சொன்ன ஜாக்சன், இது அப்பாவிடமிருந்து வந்தது என்றும் சொன்னார். படகும் அவரிடமிருந்துதான் வந்தது.

அந்தக் காணொளியை இப்போது திரையிடச் சொல்கிறேன். தொப்பியை விட்டுவிட்டு, கிழிந்த அந்த முழங்கால்களைப் பாருங்கள்.