பிடித்த பெரிய மீனை ஏன் திரும்ப ஏரியில் விடுகிறார்கள்? கிரேட் பேர் ஏரிப் பயணம் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், அதற்கே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, கனடாவின் வடக்கே கிரேட் பேர் ஏரியில் நீங்கள் மீன் பிடித்த வீடியோ பார்த்தேன். அவ்வளவு பெரிய லேக் டிரவுட்டைப் பிடித்து, ஒரு படம் எடுத்ததும் தண்ணீரில் விட்டுவிட்டீர்கள். மதியம் பார்த்தால் சின்ன மீனை வெட்டிப் பொரித்துச் சாப்பிடுகிறீர்கள். இவ்வளவு செலவழித்துப் போய்ப் பிடித்த மீனை ஏன் விட வேண்டும்? சாப்பிடாத மீனைப் பிடிப்பது அந்த உயிரை வதைப்பது இல்லையா? அடுத்த கோடையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்."

தம்பி, நீங்கள் கேட்டதில் முதல் பாதிக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். வதை பற்றிக் கேட்டீர்களே, அது கனமான கேள்வி. அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கிரேட் பேர் ஏரி வடமேற்குப் பிரதேசத்தில் இருக்கிறது. முழுக்கக் கனடாவுக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் இதுதான் பெரியது. பரப்பு ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையில் கிட்டத்தட்டப் பாதி. ஆழம் சில இடங்களில் 400 மீட்டருக்கு மேல். ஆர்க்டிக் வட்டக் கோடு இந்த ஏரிக்கு மேலேயே போகிறது. இவ்வளவு பெரிய ஏரியின் கரையில் இருக்கும் ஊர் ஒன்றே ஒன்று, டெலினே. சாத்து டெனே என்ற பூர்வகுடி மக்களின் ஊர். மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள் திறந்திருப்பது பெரும்பாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான், ஏனென்றால் ஜூலை பிறந்த பிறகும் ஏரியில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும். திறந்த ஏரியில் பல இடங்களில் கோடையிலும் தண்ணீர் நாலைந்து டிகிரிதான்.

உங்கள் கேள்விக்கு விடை இந்தக் குளிரில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஊட்டம் மிகக் குறைவு. பாசி குறைவு, அதைத் தின்னும் நுண்ணுயிர் குறைவு, அதனால் சின்ன மீனும் குறைவு. வளர்வதற்கு வருடத்தில் கிடைப்பது சில வாரம். அப்படியென்றால் ஒரு லேக் டிரவுட் எவ்வளவு மெதுவாக வளரும் என்று யோசித்துப் பாருங்கள். முட்டையிடும் வயதுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். வந்த பிறகும் வருடா வருடம் முட்டையிடாது. வடக்கே ஒரு வருடமோ இரண்டு வருடமோ இடைவெளி விட்டுத்தான் இடும். ஐம்பது வயதைத் தாண்டி வாழ்கிற மீன்கள் உண்டு. வீடியோவில் நீங்கள் பார்த்த அந்தப் பெரிய மீன் நீங்கள் பிறப்பதற்கு முன்பே அந்த ஏரியில் நீந்திக்கொண்டிருந்திருக்கலாம். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? இந்த மீன் பனையின் கணக்கு. ஒன்றை வெட்டினால், அதே அளவில் இன்னொன்று வளர்ந்து வர ஒரு தலைமுறை போய்விடும்.

1995-ல் இதே ஏரியில் ஒருவர் தூண்டிலில் 72 பவுண்ட் லேக் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். தூண்டிலில் பிடிபட்ட லேக் டிரவுட்டில் உலக சாதனையாகப் பதிவானது அது. அந்த மாதிரி மீன் இன்னும் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஆட்கள் போகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒரு பெரிய மீனைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வெளியில் பார்த்தால் ஏரி கடல் மாதிரிதான் தெரியும், எடுக்க எடுக்கக் குறையாது என்றுதான் தோன்றும். ஆனால் பெரிய மீன்கள் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். வடக்கே வேறு ஏரிகளில் அப்படி நடந்தும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, உங்கள் அப்பா சாப்பிடப் போகிறார் என்பதால் சொல்கிறேன். லேக் டிரவுட் மற்ற மீனைத் தின்று வாழ்கிற மீன். வயது ஏற ஏற உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் சாப்பாட்டுக்கு இளம் மீன்தான் நல்லது. ருசியும் அதில்தான். கிழட்டு மீனின் சதையில் கொழுப்பு அதிகம், பொரித்தால் திகட்டும்.

சரி, வதைக்கு வருகிறேன்.

தம்பி, இதை நீங்கள் மட்டும் கேட்கவில்லை. வடக்கே டெனே பெரியவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். மீன் என்பது உணவு, தன்னையே நமக்குக் கொடுக்கிற உயிர். வேண்டுமென்றால் பிடி, நன்றி சொல்லிச் சாப்பிடு, வேண்டாமென்றால் அதை அதன் பாட்டில் விடு, மீனோடு விளையாடாதே என்பது அவர்களுடைய பார்வை. பிடித்துப் பிடித்து விடுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. இந்த வாதத்தை நான் முழுதாக மதிக்கிறேன். அதைச் சொல்கிறவர்கள் அந்த ஏரியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், அதைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறார்கள். 2016-ல் யுனெஸ்கோ இந்த ஏரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததற்குப் பின்னால் இருந்ததும் அந்த ஊர் மக்கள்தான்.

அப்படியென்றால் நான் ஏன் போகிறேன்? எனக்கு அந்த இடமும் அந்த மீனும் பிடிக்கும், போவதை நிறுத்த மனசு வரவில்லை. ஆனால் எப்படிப் பிடிக்கிறேன் என்பதில் எனக்கென்று சில கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். விளம்பரங்களில் "ஒரு நாளில் ஐம்பது மீன்" என்று போடுவார்கள். அந்த எண்ணிக்கையின் பின்னால் ஓடாதீர்கள். ஒரே குடாவில் நின்று சின்ன மீனாக இழுத்து இழுத்து விடுவதில் எந்தப் பெருமையும் இல்லை, வலி மட்டும் அந்த மீனுக்கு. மதியச் சாப்பாட்டுக்கு வேண்டியது கிடைத்ததும், பெரிய மீனுக்கான பெரிய ஸ்பூனை, அதாவது கரண்டி மாதிரி இருக்கும் உலோகப் போலி இரையை மாட்டி மெதுவாக டிரோலிங் போங்கள், அதாவது படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போங்கள். கடிகள் குறையும். பரவாயில்லை. கரையைப் பாருங்கள், வழிகாட்டியோடு பேசுங்கள்.

விடுவது என்று முடிவு செய்தால், மீன் பிழைக்கிற மாதிரி விட வேண்டும். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல வீடியோக்களில் விடுகிற காட்சி மட்டும் அழகாக இருக்கிறது, அதற்கு முன் மீனைப் படுத்துகிற பாடு கண்ணில் ரத்தம் வரவைக்கும். வடமேற்குப் பிரதேசத்தில் கொக்கியில் பின்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன முள் இருக்கக் கூடாது, சட்டமே அப்படித்தான். இடுக்கியால் நசுக்கிவிட்டால் போதும். ஒரே ஸ்பூனில் மூன்று கொக்கி தொங்குவதை எடுத்துவிட்டு ஒற்றைக் கொக்கி மாட்டினால் இன்னும் நல்லது. வலை ரப்பர் வலையாக இருக்கட்டும், நூல் வலை மீனின் மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும், அது போனால் மீனுக்கு நோய் பிடிக்கும். கொக்கியைக் கழற்றும்வரை மீன் வலைக்குள், தண்ணீருக்குள் இருக்கட்டும். கேமராவைத் தயார் செய்த பிறகு மட்டும் தூக்குங்கள். கை நனைந்திருக்க வேண்டும். ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்குக் கீழே, படுக்கை வாக்கில். செவுளுக்குள் விரலை விட்டுத் தொங்க விடாதீர்கள், அவ்வளவு கனமான மீனுக்கு உள்ளுறுப்பெல்லாம் அறுந்துபோகும். சில நொடி, ஒரு படம், உடனே தண்ணீர். தலையை முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவே வாலை உதறிக்கொண்டு போய்விடும்.

ஆழத்தில் இருந்து இழுத்த மீன் பிழைக்குமா என்று சிலர் கேட்பார்கள். லேக் டிரவுட்டுக்கு ஒரு வசதி உண்டு. அதன் காற்றுப்பை தொண்டையோடு இணைந்திருக்கிறது, மேலே வரும்போதே காற்றை ஏப்பம் விட்டுவிடும். தண்ணீரில் குமிழி வருவதைப் பார்க்கலாம். வால்லை என்ற இன்னொரு நன்னீர் மீனுக்கு அந்த வழி கிடையாது. ஆனாலும் மேலே வருகிறபோது அவசரப்படாமல் இழுங்கள். செவுளில் கொக்கி பட்டு ரத்தம் கொட்டுகிற மீன் பெரும்பாலும் பிழைக்காது. விதி அனுமதிக்கிற அளவாக இருந்தால் அதையே மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி சொல்வார், கேளுங்கள்.

அந்த மதியச் சாப்பாடு, அதுதான் எனக்குப் பிடித்த நேரம். ஷோர் லஞ்ச் என்பார்கள். ஏதாவது ஒரு தீவில் கரை ஒதுங்கி, வழிகாட்டி விறகு மூட்டி, கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் காய வைப்பார். உருளைக்கிழங்கும் வெங்காயமும் முதலில், பிறகு மாவில் புரட்டிய மீன். நம் ஆட்கள் போனால் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு கலந்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள், வழிகாட்டிகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள். மிச்சத்தைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், அது கரடி நாடு. எலும்பையும் குடலையும் என்ன செய்வது என்று வழிகாட்டி சொல்வார்.

இப்போது அப்பாவைப் பற்றி. படகு பதினாறு, பதினெட்டு அடி அலுமினியப் படகுதான், பின்னால் எஞ்சின். காற்று எழுந்தால் அந்த ஏரியில் கடல் அலைதான். வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. பணம் கட்டியிருக்கிறோமே என்று நெருக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் விழுந்தவர் சில நிமிடத்தில் கை கால் அசைக்க முடியாமல் போய்விடுவார். உயிர்காப்பு அங்கியைப் படகில் ஏறும்போதே போட்டுவிட வேண்டும், அப்பா மறுத்தாலும் நீங்கள் விடாதீர்கள். ஜூலைதானே என்று டீ-சர்ட்டோடு போகாதீர்கள். கம்பளி உள்ளாடை, தடித்த சாக்ஸ், மழைக்கோட்டு, காதை மூடும் தொப்பி வேண்டும். கரையில் இறங்கினால் கொசுவும் கருப்பு ஈயும் மொய்க்கும், தலையை மூடும் வலைத் தொப்பி ஆளுக்கு ஒன்று. ராத்திரி பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்பாவுக்குத் தூக்கம் வராமல் போகலாம், கண்ணை மூட ஒரு துணி எடுத்துப் போங்கள்.

டொரொன்டோவில் இருந்து எட்மண்டன் அல்லது கால்கரி வழியாக யெல்லோநைஃப் போய், அங்கிருந்து லாட்ஜின் சின்ன விமானம். அதில் சாமானுக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே சக்கரப் பெட்டி வேண்டாம், மடங்குகிற துணிப்பை போதும். ஒன்டாரியோ மீன்பிடி உரிமம் அங்கே செல்லாது, வடமேற்குப் பிரதேச உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்கு மேல் விட வேண்டும் என்பதை அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் பாருங்கள்.

பதிவு செய்வதற்கு முன் லாட்ஜைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். பெரிய மீனை வைத்துக்கொள்ள அவர்கள் விடுகிறார்களா, வழிகாட்டிகளில் டெலினே ஊர்க்காரர்கள் இருக்கிறார்களா, அப்பாவுக்குத் திடீரென்று உடம்புக்கு ஏதாவது வந்தால் எவ்வளவு நேரத்தில் விமானம் வரும். மூன்றாவதுக்குச் சரியான பதில் வராவிட்டால் வேறு லாட்ஜ் பாருங்கள். அப்பாவுக்கு இதய மருந்து, சர்க்கரை மருந்து ஏதாவது இருந்தால் பயண நாளுக்கும் மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், மூடுபனி வந்தால் விமானம் குறித்த நாளில் வராது.