கிருபை இலவசம் என்றால் ஒழுங்காக வாழ்வது எதற்கு?

[திரையில் தலைப்பு. பின்னால் யாழ்ப்பாணத்துக் கரையோர வீதி, பின்னேரம்.]

யாழ்ப்பாணத்தில் நாம் கடவுளோடு கதைக்கும் முறை பெரும்பாலும் நேர்த்திதான். ஏ.எல். பரீட்சை நல்லபடி முடிந்தால் நல்லூரில் காவடி. கனடா விசா கிடைத்தால் மடு மாதா கோயிலுக்கு நடை. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் பாசையூர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி. இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. இடர்ப்பட்ட மனிதர் கையில் இருப்பதை நீட்டித்தான் கேட்பார். ஆனால் இதே கணக்கை இரட்சிப்புக்கும், அதாவது கடவுள் நம்மைப் பாவத்திலிருந்து மீட்பதற்கும், கொண்டுபோனால் கிறிஸ்தவம் தலைகீழாகிவிடும்.

[திரையில் வசனம்: எபேசியர் 2:8, 9]

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." கிருபை என்றால் தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவு. அடுத்த வசனம் காரணத்தையும் சொல்கிறது: ஒருவரும் பெருமை பாராட்டக் கூடாது.

சீட்டுப் பிடிப்பது நமக்கெல்லாம் பழக்கம். மாதாமாதம் கட்டுகிறோம், முறை வந்ததும் எடுக்கிறோம். எடுத்தது நம்முடைய காசு, அதற்காக யாரையும் கும்பிடத் தேவையில்லை. கனபேர் பரலோகத்தையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்: ஞாயிறு ஆராதனை, தவசு கால ஒறுத்தல், தசமபாகம், இவ்வளவும் கட்டியாயிற்று, இனி முறை வரும் என்று. அதே எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் முதல் வரியைப் பாருங்கள். பாவங்களினால் மரித்தவர்களாய் இருந்த உங்களை உயிர்ப்பித்தார் என்று இருக்கிறது. செத்தவர் எந்தத் தவணையைக் கட்டுவார்?

கடவுள் பாவத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. கட்ட வேண்டியதைக் கிறிஸ்து சிலுவையில் கட்டினார் என்பதே சுவிசேஷம். நமக்கு மிஞ்சியிருப்பது அவரை நம்பி, கொடுப்பதை வாங்கிக்கொள்வது.

இங்கேயும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கிரியை, அதாவது நாம் செய்யும் நற்செயல், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிலர் விசுவாசத்தையே விலையாக்கிவிடுகிறார்கள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "உங்களுக்கு விசுவாசம் காணாது, அதுதான் சுகம் வரவில்லை" என்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடமும் அப்படிச் சொல்லத் துணிகிறார்கள். இது கிருபையே அல்ல. பழைய கணக்குக்குப் புதுக் கொப்பி வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாற்கு 9-இல் ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன், ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறார். அவருடைய அரைகுறை விசுவாசத்தை இயேசு எடைபோடவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார்.

[திரையில்: யாழ்ப்பாணக் கோட்டை]

மதம் ஆதாயமாகும்போது என்ன நடக்கும் என்பதை நமது ஊர் கண்ணால் கண்டிருக்கிறது. 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் ஆட்சியில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் புரொட்டஸ்தாந்துத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். விவாகப் பதிவும் திருச்சபை வழியாகவே நடந்தது. பதிவேடுகள் நிரம்பின. 1795-இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்த எண்ணிக்கை கரைந்துபோனது. பெயரைக் கொடுத்தவர்கள் வீட்டில் சைவராகவே இருந்திருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, பேரம் பேசியது ஆட்சிதானே. அதே காலத்தில், 1687-இல், கோவாவிலிருந்து யோசேப் வாஸ் சுவாமி மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்த நாட்கள் அவை. சில்லாலைப் பக்கம் மறைந்திருந்து பணி செய்தார். அவரிடம் வந்த சனத்துக்கு உத்தியோகமும் இல்லை, பதிவும் இல்லை, பிடிபட்டால் தண்டனைதான். வந்தார்கள்.

கத்தோலிக்கர் என்றதும் ஒரு கேள்வி வரும்: அவர்கள் கிரியை என்பார்கள், புரொட்டஸ்தாந்துகள் கிருபை என்பார்கள், அப்படித்தானே? 16-ஆம் நூற்றாண்டுச் சண்டை உண்மையானது. ஆனால் 1999 ஒக்ரோபர் 31-இல் லூத்தரன் திருச்சபைகளின் கூட்டமைப்பும் வத்திக்கானும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நமது தகுதியால் அன்றி, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்கின்றன. 2006-இல் மெதடிஸ்த சபைகளும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. அடிப்படையில் ஒன்றாகிவிட்டார்கள். நம் சைவ அயலவருக்கும் இதில் ஒரு பகுதி புதிதல்ல. சிவன் அருள் இருந்தால்தான் அவன் தாளை வணங்கவே முடியும் என்று மாணிக்கவாசகர் எப்போதோ பாடிவிட்டார். கிறிஸ்தவர் அந்த அருளை ஒரு வரலாற்று நிகழ்ச்சியோடு, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்துச் சிலுவையோடு, சேர்த்துக் கட்டுகிறார்கள். வேறுபாடு அங்கே தொடங்குகிறது.

சரி, தலைப்புக் கேள்விக்கு வருவோம். எல்லாம் இலவசம் என்றால் எப்படியும் வாழலாமா?

இந்தக் கேள்வி, ஆதிச் சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுலிடமே வந்தது. ரோமர் 6-இல் அவரே அதை எழுப்பி, "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார். பாவத்துக்கு மரித்தவர்கள் இனி அதிலே எப்படிப் பிழைப்பது என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், ஒரு பிரசங்கத்தைக் கேட்ட எவருக்குமே இந்தச் சந்தேகம் வரவில்லையென்றால், அந்தப் போதகர் கிருபையை முழுதாகச் சொல்லவில்லை.

[திரையில்: லூக்கா 19]

சகேயுவின் கதையில் எது முதலில், எது பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள். முதலில் இயேசு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அப்போது சகேயு இன்னும் ஊரைச் சுரண்டிய வரிகாரன்தான். பிறகுதான் பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி என்று எழுந்து நிற்கிறார். பாதியைக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் வருகிறேன் என்று இயேசு சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் வேறு. விசுவாச வாழ்க்கை முழுவதும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதுவதும் இதற்கு எதிரான பேச்சல்ல. விருந்தாளி உள்ளே வந்த பிறகும் சகேயு பணப்பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தால், அவர் வந்தார் என்று யார் நம்புவார்?

இப்போது கலாத்தியர் 2. யாழ்ப்பாணத்தவர் கட்டாயம் வாசிக்க வேண்டிய அதிகாரம் இதுதான் என்பேன்.

அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு புறஜாதி, அதாவது யூதரல்லாத, விசுவாசிகளோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் சிலர், புறஜாதியாரோடு சாப்பிடாத யூதர், வந்தார்கள். பேதுரு மெல்லப் பின்வாங்கினார், அவர்களுக்குப் பயந்து தனியே போனார். மற்ற யூதரும் பின்னால் போனார்கள், பர்னபாகூட இழுபட்டார். பேதுருவுக்கு உபதேசம் தெரியாதா? புறஜாதியானான கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டிலேயே இதைப் படித்தவர். தெரிந்தும், ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்ற பயம். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கேட்டார். சுவிசேஷத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்றார். கிரியைகளால் ஒருவரும் நீதிமானாக்கப்படுவதில்லை என்ற வசனம் அந்த நிருபத்தில் முதலில் வருவது இந்தச் சாப்பாட்டுத் தகராற்றைச் சொல்லும் இடத்தில்தான். கிறிஸ்து ஏற்றுக்கொண்டவரோடு நான் சாப்பிட மாட்டேன் என்றால், ஏற்றுக்கொள்ளப்பட அவருக்கு இன்னும் ஏதோ தகுதி தேவை என்கிறேன். நாவால் கிருபை, பந்தியில் கிரியை.

இங்கே 1816-இல் அமெரிக்க மிஷன் வந்த பிறகு, விடுதிப் பள்ளிகளில் சாதி பார்த்து யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதே மிஷனரிமாருக்குத் தீராத தலையிடி. 1920-களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசில் கிறிஸ்தவரும் சைவரும் சேர்ந்து சாதிக்கு எதிராக நின்றார்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம், சம போசனம் என்ற பேச்சு வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, சில பள்ளிக்கூடங்கள் எரிக்கவும்பட்டன. இன்று நற்கருணைக்கு எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் வருகிறது, பேச்சுக்கால் தொடங்கினால் சீதனம் எவ்வளவு என்றும் வருகிறது. மதுவும் புகையும் தொடாதவர், ஆராதனை தவறாதவர், இந்த இடம் வந்ததும் "அது வேற விசயம்" என்கிறார். அந்தியோகியாவில் பேதுருவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

[திரையில்: 2 பேதுரு 3:15]

பவுலின் கேள்விக்குப் பேதுரு என்ன பதில் சொன்னார் என்று கலாத்தியரில் எழுதப்படவில்லை. ஆனால் பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் நிருபம், எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்த அதே மனிதரை "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று அழைக்கிறது.