வாகைக்குளம் ஏர்போர்ட்டைச் சுத்தி யாரு திட்டம் போடுதாங்க?

வணக்கம் மக்களே. காத்து பலமா அடிக்கி, மைக்குல இரைச்சல் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இது 2026 தை மாசம், நான் இப்ப வாகைக்குளத்துல நிக்கேன். திருநெல்வேலி - தூத்துக்குடி நாலுவழிச் சாலையை விட்டு இறங்கி, புஞ்சைக்காட்டுக்குள்ள வந்துட்டேன். எனக்குப் பின்னாடி தூரத்துல வெள்ளையா ஒரு கூரை தெரியுதுல்ல, அதான் நம்ம தூத்துக்குடி ஏர்போர்ட்டு.

அந்தக் கட்டடத்தை ஏற்கனவே நூறு பேரு வீடியோ போட்டுட்டாங்க. நான் காட்ட வந்தது அது இல்ல. கேமராவைத் திருப்புதேன், பாருங்க. மஞ்சப் பெயிண்ட் அடிச்ச வீட்டுமனைக் கல்லு, வரிசையா. ஒவ்வொரு கல்லுலயும் கறுப்பு எழுத்துல நம்பர் போட்டிருக்கு. 41, 42, 43... அந்தக் கோடி வரைக்கும் போகுது. இந்தப் பக்கம் வேலி தாண்டி உளுந்து நிக்குது பாருங்க, நெத்து காஞ்சு பறிக்கத் தயாரா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான். வரப்புக்கு அந்தப்பக்கம் விலை சென்டுக்கணக்குல, இந்தப்பக்கம் மூட்டைக்கணக்குல.

எங்க சித்தப்பாவுக்கு இந்த வட்டாரத்துல ரெண்டு ஏக்கர் இருந்தது. பல வருஷத்துக்கு முந்தி ஒரு புரோக்கர் வந்து, "ஏர்போர்ட்டு இனிமே பெருசாகாது, வெறும் மானாவாரி நிலம், கிடைக்கிற விலைக்குக் குடுத்துருங்க"ன்னு சொன்னாரு. சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டுட்டாரு. அந்தப் பணத்துல அக்கா கல்யாணம் நடந்தது, அதைக் குறை சொல்லல. ஆனா ரன்வே எவ்வளவு தூரம் நீளும், எந்த சர்வே நம்பர் வரைக்கும் வரும்னு புரோக்கருக்குத் தெரிஞ்சது, நிலத்துக்காரருக்குத் தெரியல. இன்னைக்கு வரைக்கும் என்னை உறுத்துறது அதான்.

ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்காகக் கணக்கைச் சொல்லிருதேன். பழைய ரன்வே 1,350 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் மட்டும்தான் இறங்க முடியும். அதை 3,115 மீட்டரா நீட்டினாங்க, ஏர்பஸ் 321 வரைக்கும் இறங்கலாம். இதுக்காக மாநில அரசு 600 ஏக்கர்ப் பக்கம் நிலம் எடுத்துக் குடுத்தது. புது டெர்மினல் 17,340 சதுர மீட்டர், செலவு 450 கோடி. 2025 ஜூலை 26-ல பிரதமர் வந்து திறந்து வச்சாரு. வருஷத்துக்கு 20 லட்சம் பேரைக் கையாளலாம்னு கணக்குப் போட்டுக் கட்டியிருக்காங்க.

திறந்து ஒன்பதாம் நாள், ஆகஸ்ட் 4-ல, சில்லாநத்தம் சிப்காட்ல வின்ஃபாஸ்ட் கார் கம்பெனி திறந்தாச்சு. வியட்நாம்காரங்க. அதே வருஷம் பிப்ரவரியில திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான்ல டாடா பவரோட சோலார் ஆலை. குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. துறைமுகம் எப்பவும் இருக்கு. அதனால வளர்ச்சி வருமா வராதான்னு பட்டிமன்றம் நடத்த வேண்டிய காலம் போயிருச்சு. வந்துட்டு இருக்கு. எனக்கும் அதுல சந்தோஷம்தான். என்கூடப் படிச்சவன்ல முக்காவாசிப் பேரு சென்னையிலயும் திருப்பூர்லயும் கிடக்கான். அவன் ஊருக்குத் திரும்பி வந்து வேலை பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

நான் கேக்குறது வேற. இந்த ஏர்போர்ட்டைச் சுத்தி எங்க வீடு வரணும், எங்க குடோன் வரணும், எந்த ஓடையைத் தொடக்கூடாது, ஊருக்குப் பொது இடம் எவ்வளவு வேணும்னு யாரு உக்காந்து திட்டம் போடுதாங்க?

சட்டப்படி பதில் இருக்கு. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுன்னு ஒண்ணு இருக்கணும்னு சொல்லுது. ஊராட்சிகள் போடுற திட்டத்தையும் நகரங்கள் போடுற திட்டத்தையும் ஒண்ணா சேர்த்து, தண்ணி, நிலம், சுற்றுச்சூழல் எல்லாத்தையும் பாத்து மாவட்டத்துக்கே ஒரு திட்டம் ஆக்கணும். அதுல அஞ்சுல நாலு பங்கு ஆளுங்க, மக்கள் ஓட்டுப் போட்டு வந்த பிரதிநிதிகளா இருக்கணும். நல்ல ஏற்பாடுதானே?

இப்ப நம்ம நிலைமையைப் பாருங்க. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. தூத்துக்குடி மாவட்டம் அதுலதான் வருது. ஒரு வருஷம் தாண்டிருச்சு. தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது, அரசு போட்ட தனி அலுவலர்தான் எல்லாம். அந்த அதிகாரிகள் மேல எனக்குக் கோவம் இல்ல, ஒருத்தரு பல ஊரைப் பாக்க வேண்டியிருக்கு. ஆனா இந்த ஒரு வருஷத்துலதான் டெர்மினல் திறந்தது, கார் கம்பெனி திறந்தது, இந்த மஞ்சக் கல்லு அத்தனையும் முளைச்சது. ஊருக்கு எப்ப ஒரு தலைவர் கட்டாயம் வேணுமோ, சரியா அப்ப நாற்காலி காலியா இருக்கு. மாநகராட்சிக்கு 60 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்காங்க. ஏர்போர்ட்டு இருக்கிறது மாநகராட்சியில இல்ல, கிராமத்துல.

இருங்க, இன்னொரு இடம் காட்டணும். நடந்துக்கிட்டே பேசுதேன்.

இந்தா பாருங்க. 58-ம் நம்பர் கல்லுக்கும் 59-க்கும் நடுவுல. பாத்தா சும்மா ஒரு பள்ளம் மாதிரி இருக்கும். இது ஓடை. என் காலடியில மணலைப் பாருங்க, தண்ணி அரிச்ச மணல், அதுக்கு மேல புதுசா கொட்டின சரள் மண்ணு. லாரி போறதுக்காக ஒரே ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மேல மூடியிருக்காங்க. குழாய்க்குள்ள என் தோள் நுழையாது. இப்ப தை மாசம், காஞ்சு கிடக்கு, யாருக்கும் உறைக்காது.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்குல்ல? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில நின்னுபோய் நூத்துக்கணக்கான ஜனங்க தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. மேக்க இருந்து வந்த வெள்ளம் உப்பாத்து ஓடை வழியா வந்து கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு, தூத்துக்குடி டவுனுக்குள்ள நாள்கணக்குல தண்ணி நின்னுது. எங்க தெருவுல கட்டில் மேல அடுப்பு வச்சு ஆச்சிக்குக் கஞ்சி காய்ச்சினோம். நம்ம மாவட்டத்துல தண்ணி மேக்க இருந்து கிழக்க கடலுக்குத்தான் போகும். நடுவுல நாம என்ன கட்டினாலும் அது தேடிட்டுத்தான் போகும்.

இது ஏர்போர்ட்டுக்கே நல்லதில்லை. கொச்சியைப் பாருங்க. நெடும்பாசேரி ஏர்போர்ட்டு கட்டும்போது செங்ஙல் தோடுன்னு ஒரு கால்வாய் ரன்வேக்குக் குறுக்க வந்துருச்சு, அதோட பழைய பாதை துண்டாச்சு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல பெரியாறு பொங்கி வந்து ஆகஸ்ட் 15-ல இருந்து 29 வரைக்கும் ரெண்டு வாரம் ஏர்போர்ட்டை மூடினாங்க. அப்புறம் தோடு சரிபண்ண, மதகு கட்ட, பாலம் கட்டன்னு கோடிக்கணக்குல செலவு. ஓடையை முதல்லயே மரியாதையா விட்டிருந்தா அதுல பாதி மிச்சம்.

அதே கொச்சிகிட்ட கத்துக்க வேண்டிய நல்லதும் இருக்கு. 1999-ல திறந்த ஏர்போர்ட்டு அது. ஆயிரக்கணக்கான மலையாளிகள் பங்கு வாங்கிக் கட்டினது. நிலம் குடுத்து வெளியேறின குடும்பம் 800-க்கு மேல. அந்தக் குடும்பத்து ஆளுங்களுக்கு ஏர்போர்ட் டாக்ஸி ஓட்ட உரிமை குடுத்தாங்க, கூட்டுறவுச் சங்கமா வச்சு ஓட்டுதாங்க. நிலத்துக்காரங்க சும்மா இருந்து கிடைச்சது இல்ல, கொடி பிடிச்சுப் போராடிக் கிடைச்சது. 2015-ல இருந்து முழுக்க சோலார் கரண்டுல ஓடுது. அந்த சோலார் தகடுக்குக் கீழயே காய்கறி போட்டு விக்காங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இது எவ்வளவு பொருந்தும்!

வாகைக்குளத்துல டீக்கடை வச்சிருக்க பெரியம்மாகிட்ட காலையில பேசிட்டு இருந்தேன். டெர்மினல் கட்டுறப்ப வடக்க இருந்து வந்த பையங்க அம்பது, அறுபது பேரு தினமும் டீ குடிப்பாங்களாம். பெரியம்மா அவங்களுக்காகவே சப்பாத்தி போடப் படிச்சுக்கிட்டாங்க. இப்ப வேலை முடிஞ்சு பையங்க போயிட்டாங்க. "பிளைட்டுல வாரவங்க காரு கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிருதாங்க தம்பி, நம்ம கடை இருக்கதே அவங்களுக்குத் தெரியாது"ன்னு சொன்னாங்க. சப்பாத்திக் கல்லு கவுத்து வச்சிருக்கு, நான் பாத்தேன்.

ஏர்போர்ட்டு உள்ளூர்க்காரங்க கைக்கு வரணும்னா யாராவது இறங்கி வேலை செய்யணும். உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு இருக்கு. ஆத்தூர் வெத்திலைக்கு இருக்கு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு இருக்கு. தூத்துக்குடி மக்ரூன், அந்த முந்திரி இனிப்பு பத்தி சொல்லவே வேண்டாம். சுத்துப்பட்டி ஊரு மகளிர் குழுக்களுக்கு ஏர்போர்ட்டு முகப்புல நாலு கடை ஒதுக்கச் சொல்லி கிராமசபையில தீர்மானம் போட்டு அனுப்பலாம். நம்ம பிள்ளைகளுக்கு சரக்கு ஏத்துற வேலை, கருவி பராமரிக்கிற வேலை, பாதுகாப்பு வேலைக்கு ஐடிஐ மூலமா பயிற்சி கேக்கலாம். மீனுக்கு ஐஸ் அறை கேக்கலாம். சிங்கி இறாலை உயிரோட அனுப்புற வியாபாரிக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. இது உள்நாட்டு ஏர்போர்ட்டுதான், நேரா வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனா பெரிய விமானம் வந்தா சென்னைக்கும் பெங்களூருக்கும் பயணிகளுக்குக் கீழ, விமானத்தோட வயித்துல சரக்கு ஏத்திட்டுப் போகலாம்ல.

பெரிய ரன்வே போட்டா எல்லாம் தன்னால வரும்னு நம்பிட்டு இருக்கக்கூடாது. சேலத்துல 2018-ல, சின்ன ஊருகளுக்கு விமானம் விடுற உடான் திட்டத்துல விமானம் வந்தது, நடுவுல நின்னுபோச்சு, 2023 அக்டோபர்லதான் மறுபடி வந்தது. ஏறுறதுக்கு ஆளும் ஏத்துறதுக்குச் சரக்கும் இருந்தாத்தான் விமானம் நிக்கும்.

நிலம் மொத்தமா எடுக்கிறதுதான் வளர்ச்சின்னு நினைச்சாலும் சிக்கல். பெங்களூரு ஏர்போர்ட்டுப் பக்கம் தேவனஹள்ளியில 13 கிராமத்துல 1,777 ஏக்கர் எடுக்கப் பாத்தாங்க. விவசாயிங்க மூணு வருஷத்துக்கு மேல உக்காந்து போராடினாங்க. 2025 ஜூலை 15-ல கர்நாடக முதல்வர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டாரு. முதல்லயே ஊர்க்காரங்களைக் கேட்டிருந்தா மூணு வருஷம் யாருக்கும் வீணாகியிருக்காது.

இப்ப மேல பாருங்க. பருந்து. ஒண்ணு, ரெண்டு... ஏழு எட்டு சுத்துது. எதுக்குன்னு கேட்டா, அந்தச் சாலை ஓரத்துப் பள்ளத்துல ராத்திரியோட ராத்திரியா யாரோ கோழிக்கழிவைக் கொட்டிட்டுப் போறாங்க. நாத்தம் இங்க வரைக்கும் வருது. ஏர்போர்ட்டைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள குப்பை, இறைச்சிக் கழிவு கொட்டக்கூடாதுன்னு விமானச் சட்ட விதியே இருக்கு. எஞ்சினுக்குள்ள ஒரு பருந்து போச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். ஆனா இந்தக் கழிவை எங்க கொண்டு போறதுன்னு எந்த ஒரு ஊராட்சியும் தனியா முடிவு பண்ண முடியாது. மாநகராட்சியும் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு இடம், ஒரு வண்டி, ஒரு நேரம்னு வச்சாத்தான் முடியும். சேர்ந்து திட்டம் போடணும்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, வீட்டுமனை வாங்குறவங்க கவனிங்க. பெரிய லேஅவுட் போட்டா ரோடு போக மிச்ச இடத்துல 10 சதவீதம் பொது இடமா உள்ளாட்சிக்கு எழுதிக் குடுக்கணும். அது பூங்காவோ விளையாட்டு மைதானமோ ஆகும். "ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்"னு போர்டு இருந்தா மட்டும் போதாது. டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தோட அனுமதி நம்பரைக் கேளுங்க, அந்தப் பொது இடம் எந்தக் கல்லுன்னு கேளுங்க. மாடி எத்தனை கட்டலாம்னும் கேளுங்க, ஏர்போர்ட்டைச் சுத்தி 20 கிலோமீட்டருக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கு.

இப்ப நான் ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். உங்க உதவி வேணும். வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்குது. தலைவர் இல்லாட்டியும் கிராமசபை கூடணும், அதுல எல்லா வாக்காளரும் பேசலாம். அடுத்தது ஜனவரி 26. வாகைக்குளம், முடிவைத்தானேந்தல், இந்தச் சுத்துப்பட்டியில இருக்கிறவங்க, உங்க புஞ்சைக்குப் பக்கத்துல ஓடையோ, குளத்துக்குப் போற வாய்க்காலோ, வண்டிப்பாதையோ இருந்தா அந்த சர்வே நம்பரைக் குறிச்சு எடுத்துட்டு வாங்க. நிலத்தோட அளவு காட்டுற எஃப்எம்பி வரைபடமும், அது என்ன வகை நிலம்னு சொல்ற அ-பதிவேடும் அரசு இ-சேவை வலைத்தளத்துல காசில்லாமப் பாக்கலாம். பாக்கத் தெரியலன்னா கமெண்ட்ல ஊரு பேரு மட்டும் போடுங்க, நான் எடுத்துத் தாரேன். எல்லா ஓடையையும் ஒரே தாள்ல வரைஞ்சு, "இதை மூடக்கூடாது, இதுக்கு மேல எந்த லேஅவுட்டுக்கும் அனுமதி குடுக்கக்கூடாது"ன்னு தீர்மானமா எழுதி வாங்கணும். இந்த 58-ம் கல்லு ஓடையை நான் ஏற்கனவே வரைஞ்சுட்டேன், இந்தா, நோட்டுல இருக்கு பாருங்க.

வெளியூர்ல இருக்கிறவங்க உங்க அப்பா, பெரியப்பாகிட்ட போன் போட்டு, அந்தக் காலத்துல தண்ணி எந்த வழியா வந்ததுன்னு கேட்டு எழுதுங்க. வரைபடத்துல இல்லாத ஓடையெல்லாம் அவங்க தலைக்குள்ள இருக்கு.

சரி மக்களே, உளுந்து பறிக்க ஆளு வந்துட்டாங்க. வரப்புல நிக்கேன், அவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும். 26-ம் தேதி கிராமசபையில பாப்போம்.