ஜூனிபரின் பச்சையை நம்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் நம்மில் பலர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் சிலாங்கூர் மாநிலத்து எங்கள் ஊரில், தாமான் குடியிருப்பு வீட்டு வாசல்களில் ஜூனிபர் என்ற பசுமைமாறா அழகுச்செடி நிறையத் தென்படுகிறது. சீனப் பெருநாள் நெருங்கும்போது சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் முறுக்கிய கிளைகளோடு நிற்கும் டிராகன் ஜூனிபரைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வாங்கி வந்தவர்கள் பிறகு சொல்லும் புகாரும் ஒன்றுதான்: "நேற்று வரை நன்றாகப் பச்சையாக இருந்தது, திடீரென்று காய்ந்துவிட்டது."

திடீரென்று காயவில்லை. வேர் அழுகிச் செத்த பிறகும் ஜூனிபரின் இலை வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டிக்கிடக்கும் அந்தச் சின்ன இலைகள் உள்ளிருக்கும் ஈரத்தை எளிதில் விடுவதில்லை. நீங்கள் பழுப்பு நிறத்தைப் பார்க்கும் நாளில் செடியின் கதை எப்போதோ முடிந்திருக்கும். சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். ரப்பர் பால்மரம் சீவியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் ஊர்ப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தாலும் வெயிலும் மழையும் அதற்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து ஜூனிபர் அப்படியல்ல. வேரூன்றிவிட்டால் வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும். தேங்கிய ஈரத்தைப் பொறுக்காது. காலையும் மாலையும் நீர் ஊற்றுவதைப் பாசம் என்று நினைக்கிறோம். இந்தச் செடிக்கு அது தண்டனை.

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். நம் களிமண்ணில் அப்படியே நடாமல், மண்ணோடு ஏறக்குறைய சம அளவு பருமணலோ செங்கல் உடைசலோ கலந்து, தரையைவிடச் சற்று மேடாக்கி நடுங்கள். சாடியில் வைத்தால் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். பழம் உதிர்த்த வெற்றுச் செம்பனைக் குலையைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றி மூடுகிறவர்கள் உண்டு. வேறு செடிகளுக்குச் செய்யுங்கள்; ஜூனிபரின் அடிமரத்தை ஒட்டிப் போட்டால் ஈரம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரமாவது வேண்டும். அழகாக இருக்கிறதென்று அஞ்சடி நடைபாதையில், கூரைக்குக் கீழே வைத்தால் செடி மெலியும். மழை கழுவாத அந்த இடத்தில் சிலந்திப்பேனும் சேரும். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசிப் புள்ளிகள் நகர ஆரம்பித்தால் அதுதான். ரப்பர் குழாயில் நீரை வேகமாக அடித்து, கிளைகளின் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்; சில நாள் விட்டு மறுபடியும் செய்யுங்கள்.

கத்தரிப்பதில்தான் பலர் கைமீறிப் போகிறார்கள். செம்பருத்தி வேலியை வெட்டுவதுபோல் வெட்டக் கூடாது. செம்பருத்தி மொட்டைக் கட்டையிலிருந்தும் துளிர்க்கும். ஜூனிபர் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. உள்பக்கம் வெளிச்சம் படாமல் காய்ந்திருப்பது இயல்பு. அந்தச் சருகை உதறி எடுத்தால் போதும். நீண்டு வந்த நுனிகளை மட்டும் ஒவ்வொன்றாக, பச்சை இருக்கும் பகுதிக்குள்ளேயே நறுக்குங்கள். டிராகன் ஜூனிபரை அளவுக்கு மீறி வெட்டினால் மென்மையான செதில் இலைக்குப் பதில் குத்துகிற ஊசி இலைகளை விடும். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

துரைமார் கிளப்பில் பருகிய ஜின்னுக்கு மணம் தந்தது ஐரோப்பாவில் வளரும் இதன் உறவுச் செடியின் காய்தான். அதைக் கேட்டுவிட்டு வாசல் செடியின் காயை யாரும் வாயில் வைக்க வேண்டாம். நச்சுள்ள இனங்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு.

வாங்கப் போகும்போது இலையை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு, செடியைப் பையிலிருந்து மெல்ல உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் நுனி வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் வாங்கலாம். கறுத்துக் குழைந்து நாற்றம் அடித்தால், மேலே எவ்வளவு பச்சை இருந்தாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வணக்கம்.